பாரி மகளிரும் பான் வினாய்த் துணிகளும்

புறநானூற்றின் 112ஆம் பாட்டு ஐந்தே அடிகளை உடையது. பாரி மகளிர் பாடியது என்று குறிக்கப்பெறும் அப்பாட்டைத் தமிழ் படித்தோர் பெரும்பாலும் அறிவர். பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டனர். பாரி இறந்தான். தந்தையும் நாடும் இழந்த பெண்கள் இருவர் அயலூர் நோக்கிச் செல்லும் நிலை வந்தது. இக்காலச் சொல்லால் கூறினால் அவர்கள் அகதிகள். அவர்கள் பாடிய பாட்டிலோ போர் வருணனை இல்லை, குருதி இல்லை, தந்தை எவ்வாறு கொல்லப்பட்டான் என்ற செய்தியும் இல்லை. ஒரு திங்களுக்கு முன் காய்ந்த நிலவும் இன்று காயும் நிலவும் அருகருகே வைக்கப்படுகின்றன. அன்று இருந்தவை எவை, இன்று இல்லாதவை எவை என்பது மட்டுமே சொல்லப்படுகிறது. சொல்லாது விடப்பட்ட அனைத்தையும் படிப்பவரே அந்த இரு நிலவுகளுக்கும் இடையில் உணர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதே நூலில் அதே மகளிரைப் பற்றி வேறு பாடல்களும் உள்ளன. பாரியின் நண்பரான கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் செல்கிறார், மணந்துகொள்ளுமாறு வேண்டுகிறார். 200, 201, 202 ஆகிய பாடல்கள் அந்த வேண்டுகோளையும் அது ஏற்கப்படாமையையும் காட்டுகின்றன. அங்கே கதை வேறு விதமாகச் சொல்லப்படுகிறது. இவர்கள் யார், இவர்தம் தந்தை எத்தகைய வள்ளல், அழைத்து வந்திருப்பவன் யார், அவனுக்கு இவர்கள்பால் உள்ள உறவு யாது என்பனவெல்லாம் முறையாக எடுத்துரைக்கப்படுகின்றன. மகளிர் பேசுவதில்லை, அருகில் நிற்கின்றனர். கதவைத் திறப்பதற்காகச் சொல்லப்படும் கதை அது. கதவும் திறக்கவில்லை.

ஒரே துன்பம் இருவகையாகச் சொல்லப்பட்டிருப்பதை ஈண்டுக் காணலாம். முன்னதைப் பாட்டு என்றும் பின்னதை முறையீடு என்றும் பெயரிட்டுக்கொள்ளலாம். முறையீடு இழிந்தது அன்று. கபிலரின் அன்பை எவரும் ஐயுறமாட்டார். ஆயினும் இரண்டிற்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது என்பது துன்பப்பட்டவரின் விருப்பம். முறையீட்டில், கேட்பவர் எதை அறிய விரும்புகிறாரோ அதுவே கதையாகிவிடுகிறது.

அகதிகள் தம் கதையைத் தாமே சொல்லத் துணைபுரியும் கலைப் பயிலரங்குகள் உலகின் பல பகுதிகளில் நடைபெற்று வருகின்றன. ஓவியம், தையல், நாடகம், எழுத்து என அவை பல வகையின. அவற்றில் பிறந்த படைப்புகளை மதிப்பிட வருவோர் பெரும்பாலும் இரக்கத்தோடு நின்றுவிடுகின்றனர். துன்பப்பட்டவர் செய்தது, ஆகவே போற்றத்தக்கது என்ற அளவில் மதிப்பீடு முடிந்துவிடுகிறது. இது திறனாய்வும் ஆகாது. அக்கலைஞர்களுக்குச் செய்யும் மதிப்பும் ஆகாது. ஒவ்வொரு முயற்சியும் பாட்டை நோக்கிச் செல்கிறதா, முறையீட்டிலேயே நின்றுவிடுகிறதா என்று வினவுவதே முறையான மதிப்பீட்டின் தொடக்கமாகும்.

சொல்லியே தீரவேண்டியவர்கள்

அகதிக்குக் கதை சொல்லப் பிறர் கற்பிக்க வேண்டும் என்று எண்ணுவது தவறு. தம் கதையை அவரைப்போல் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தவர் அரியர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம் அகதி யார் என்பதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. இனம், சமயம், நாட்டுரிமை, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றுள் ஒன்றன் காரணமாகத் தாம் துன்புறுத்தப்படக்கூடும் என்னும் தக்க ஆதாரமுள்ள அச்சம் அவருக்கு இருத்தல் வேண்டும். அச்சத்தை அளப்பதற்குக் கருவி ஏதும் இல்லை. ஆகவே பல வேளைகளில் அவர் சொல்லும் கதையே முதன்மைச் சான்றாகிறது. எந்த நாளில் ஊரை விட்டீர், வந்தவர் எத்தனை பேர், அவர்கள் என்ன உடை அணிந்திருந்தனர் என்று அலுவலர் கேட்பார். முன்பு சொன்னதும் இன்று சொல்வதும் ஒரு நாள் முன்பின்னாக மாறினால் ஐயம் பிறக்கும். அஞ்சி ஓடியவர் நாட்களை மறப்பது இயற்கை. அந்த அறையில் அம்மறதி முரண்பாடு என்று பெயர் பெறும்.

மலேசியா அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட நாடு அன்று. பல்லாண்டுகளாக இந்நாட்டிற்கு வந்து சேர்ந்த அகதிகளை ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் கோலாலம்பூர் அலுவலகம் நேர்கண்டு பதிவு செய்து அட்டை வழங்கி வந்துள்ளது. அவ்வாறு பதிவு பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். ரோஹிங்கியர் அவர்களுள் முதன்மையான தொகையினர். ஆப்கானிஸ்தான், சோமாலியா, சிரியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் உளர். ஒருவருடைய வாழ்வு முழுவதும் சுருங்கி ஒரு கோப்பாகிறது; கோப்பு ஓர் அட்டையாகிறது.

அத்தகைய ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் பொதுமண்டபம் ஒன்றுக்கு வருகிறார் என்று கொள்ளலாம். நாற்காலிகள் வட்டமாக இடப்பட்டுள்ளன. தாளும் வண்ணமும் மேசைமீது இருக்கின்றன. அன்புள்ளம் கொண்ட கலைஞர் ஒருவர் முன்வந்து, "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்கிறார். அவர் நோக்கம் தூயது. ஆனால் வந்தவரின் செவியில் அது ஏற்கெனவே பல அறைகளில் கேட்ட அதே வாக்கியம். அதற்கு என்ன விடை சொன்னால் கேட்பவர் நிறைவடைவார் என்பதும் அவருக்குப் பழக்கமாகியிருக்கும். கப்பல், கடல், துப்பாக்கி, அழுகை என்ற வரிசையில் அவர் சொல்லத் தொடங்குவார். பயிலரங்கு நடத்துபவர் கண்கலங்குவார். பாட்டு பிறக்கவேண்டிய இடத்தில் மீண்டும் ஒரு முறையீடு நிகழ்ந்துவிடும்.

இந்த இடரை முதலில் எடுத்துரைத்தோர் அகதிகளே. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் அகதிகளும் தடுப்புக்காவலில் இருந்தோரும் தாமே நடத்தும் அமைப்பு 'ரைஸ்' என்பது. அதன் சார்பில் தானியா கன்யாஸ் என்னும் கலைஞர் 2015ஆம் ஆண்டில், அகதிகளோடு பணியாற்ற வரும் வெளிக்கலைஞர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய பத்துச் செய்திகளை எழுதி வெளியிட்டார். அகதிகள் எவருடைய அடுத்த கலைப்படைப்புக்கும் மூலப்பொருள் அல்லர் என்பது அவற்றின் தொடக்கம். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதும், பங்கேற்பு என்றாலே அது விடுதலை ஆகிவிடாது என்பதும் அவ்வறிக்கை வற்புறுத்திய கருத்துகள். இவ்வெச்சரிக்கையை உளத்திற்கொண்டு சில முயற்சிகளை நோக்குதல் தகும்.

நூலால் எழுதிய வரலாறு

தாய்லாந்தின் லோய் மாநிலத்தில் பான் வினாய் என்னும் அகதி முகாம் 1975ஆம் ஆண்டில் தோன்றி 1992ஆம் ஆண்டுவரை இருந்தது. அங்கு வாழ்ந்தோரில் மிகுதியானவர் லாவோஸ் மலைகளிலிருந்து வந்த மோங் இனத்தார். லாவோஸில் நடைபெற்ற மறைமுகப் போரில் அவர்களுட் பலர் அமெரிக்க உளவுத்துறையின் சார்பில் போரிட்டவர்கள். 1975இல் ஆட்சி மாறியபோது அவர்கள் பழிவாங்கலுக்கு அஞ்சிக் காடுகளைக் கடந்து மேகோங் ஆற்றை நோக்கி ஓடினர். மூங்கிலைக் கட்டிக்கொண்டும் உந்துவண்டிச் சக்கரங்களின் காற்றுக்குழாய்களைப் பற்றிக்கொண்டும் ஆற்றைக் கடந்தனர். கடக்க முடியாது மாண்டோர் பலர். 1980களின் நடுப்பகுதியில் பான் வினாயில் 40,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

மோங் மக்களின் மொழிக்கு ரோமானிய எழுத்து 1950களின் தொடக்கத்தில்தான் வகுக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர், குறிப்பாகப் பெண்கள், எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் அப்பெண்களிடம் நெடுங்காலக் கைத்திறன் ஒன்று இருந்தது. 'பாண்டாவ்' எனப்படும் அத்தையற்கலையின் பெயருக்குப் பூத்துணி என்பது பொருள். குழந்தையைச் சுமக்கும் துணியிலும் விழாக்கால உடையிலும் அது இடம்பெற்றது. மரபான பூத்துணியில் மனித உருவம் இல்லை, கதையும் இல்லை. நத்தை ஓட்டின் சுழி, யானைக் காலடி போன்ற பெயர்களையுடைய கோலங்களே இருந்தன.

முகாமில் இக்கலை மாறியது. 1970களின் பிற்பகுதியில் மனிதரும் விலங்குகளும் விமானங்களும் துணியில் தோன்றத் தொடங்கின. இம்மாற்றத்தின் தோற்றம் குறித்துப் பல செய்திகள் வழங்குகின்றன. முகாமில் புழங்கிய படப்புத்தகங்களின் தாக்கம் என்போர் உளர். தொண்டு அமைப்பினர் தந்த ஊக்கம் என்போரும் உளர். பல குடும்பங்களில் ஆண்கள் உருவங்களை வரைந்து தந்தனர், பெண்கள் தைத்தனர். வேலையற்ற முகாம் வாழ்வில் அது வருவாய்க்கும் வழியாயிற்று. துணிகள் கைவினைக் கடைகளின் வழியாகவும் வெளிநாடு சென்ற உறவினர் வழியாகவும் விற்கப்பட்டன. கதைத்துணி என்று உலகம் இன்று அறியும் கலை இவ்வாறு உருவாயிற்று.

இத்துணிகளைக் கலைப்படைப்புகளாகவே நோக்குதல் வேண்டும். போரையும் ஓட்டத்தையும் காட்டும் துணிகளில் பெரும்பாலும் ஒரு மூலையில் மலைச்சிற்றூர் இருக்கும். நெல்லும் சோளமும் விளைந்திருக்கும். அதனை அடுத்து விமானங்களும் படைவீரரும் வருவர். பின்னர் மக்கள் வரிசையாக நடப்பர். முதுகில் குழந்தை, தலையில் மூட்டை. துணியின் குறுக்கே நீலப்பட்டையாக மேகோங் ஓடும். அப்பால் முகாமின் கூரைகள். அருகே உள்ளது பெரிது, தொலைவில் உள்ளது சிறிது என்னும் ஓவிய முறை இங்கே இல்லை. காலம் இடமாக மாறித் துணி முழுவதும் ஒரே வேளையில் பரவிக் கிடக்கிறது. ஊரை விட்டவரும் ஆற்றில் இருப்பவரும் முகாமை அடைந்தவரும் ஒரே குடும்பத்தாராக இருக்கலாம். காண்பவர் அவர்களை ஒருசேரக் காண்கிறார்.

இன்னொன்று குறிப்பிடத்தக்கது. உருவங்களின் முகத்தில் அழுகையும் இல்லை, சினமும் இல்லை. சுடுபவன் முகமும் ஓடுபவர் முகமும் ஓரிரு தையலால் அமைந்தவை. சிறிய தையலில் முகபாவம் காட்டுவது அரிது என்று இதற்குக் கைவினைக் காரணம் கூறலாம். காரணம் எதுவாயினும் விளைவு பெரிது. துன்பம் கூவி அறிவிக்கப்படவில்லை, அடுக்கி வைக்கப்பட்டுள்ளது. நெல் அறுக்கும் பெண்ணுக்குச் செலவிட்ட அதே எண்ணிக்கைத் தையலே ஆற்றில் மிதப்பவனுக்கும் செலவிடப்பட்டுள்ளது. பாரி மகளிர் நிலவைக் கொண்டு செய்ததை இப்பெண்கள் நூலைக் கொண்டு செய்தனர் எனலாம். துணியைச் சுற்றிலும் முக்கோணங்களால் ஆன கரை ஒன்று அமைவதுண்டு. அதனை மலை என்றும் காப்பு வேலி என்றும் பலவாறு பொருள் கூறுவர். மரபான பூத்துணியிலிருந்து வந்த அக்கரை, அழிந்த ஊரின் கதையைத் தன்னுள் ஏந்தி நிற்பது நெஞ்சைத் தொடுவதாகும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. வாங்குவோர் வெளிநாட்டவர். அவர்களின் வீட்டுச் சுவருக்குப் பொருந்துமாறு மரபின் அழுத்தமான வண்ணங்கள் மங்கின. வெளிர் நீலமும் பழுப்பும் மிகுந்தன. பல துணிகளில் ஆங்கில எழுத்துகள் தைக்கப்பட்டன. அவ்வெழுத்துகளைத் தைத்தவர்க்கே அவற்றைப் படிக்கத் தெரியாத நிலையும் இருந்தது. எழுத்துப்பிழைகள் அதற்குச் சான்று. நன்றாக விற்ற காட்சி மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டது. ஒரு பெண் கண்ட ஆறு வேறு. அவள் தைத்த ஆறு பக்கத்துக் குடிசையில் வரைந்து வாங்கிய ஆறு என்றும் நேர்ந்திருக்கும். கடைக்காரரின் விருப்பம் இங்கே அலுவலரின் கேள்வி நின்ற இடத்தில் வந்து நின்றது. திறனாய்வாளர் இதனை மறைத்தல் கூடாது.

ஆயினும் சந்தையின் ஆட்சி முழுமையானது அன்று. போரைக் காட்டாத கதைத்துணிகளும் ஏராளம். சில துணிகளில் உழவும் அறுவடையும் மட்டுமே உண்டு. சிலவற்றில் புத்தாண்டு விழாவில் இளைஞரும் இளம்பெண்களும் எதிரெதிர் நின்று பந்தெறிந்து விளையாடுவர். சிலவற்றில் முன்னோர் சொன்ன புலிக்கதைகள் உண்டு. தைப்பவள் தன் கொடிய நாளைத் தைக்கலாம்; தைக்காமலும் இருக்கலாம். நெல்வயலைத் தைத்தாலும் துணி துணியே. அதற்கும் விலை உண்டு. எந்த அலுவலகமும் அவளுக்கு இந்த உரிமையைத் தந்ததில்லை. உதவ வந்தவர்கள் செய்தவற்றுள் சிறந்தது துணியும் நூலும் விற்பனைக்கு வழியும் தந்தது. என்ன தைப்பது என்பதைப் பெருமளவு தைப்பவளிடம் விட்டுவிட்டனர்.

புலியும் சேவலும்

அதே பான் வினாயில் 1985ஆம் ஆண்டில் வேறொரு முயற்சி நடைபெற்றது. அமெரிக்கப் பேராசிரியர் டுவைட் காங்கர்குட், அனைத்துலக மீட்புக் குழுவின் வேண்டுகோளை ஏற்று முகாமில் உடல்நலக் கல்விக்கு வழிகாட்ட வந்தார். அவர் முகாமுக்குள்ளேயே குடிசையில் தங்கினார். நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட அழைத்தும் மக்கள் வராதிருந்தனர். மோங் நடிகர்களைக் கொண்டே ஓர் ஊர்வலம் அமைக்கப்பட்டது. மோங் கதைகளில் வரும் புலியும் சேவலும் ஆவியும் வேடங்களாக முன்சென்றன. புலி குழலிசைத்து ஆடிற்று; ஆவி முரசறைந்து பாடிற்று; சேவல் ஒலிபெருக்கி கொண்டு நோய் பரவும் வகையை விளக்கிற்று. மறுநாள் தடுப்பூசி நிலையங்களை நாய்களோடு வந்த மக்கள் மொய்த்தனர். தூய்மையைக் கற்பிக்கத் 'தூய்மைத் தாய்' என்னும் வேடிக்கைப் பாத்திரமும் பின்னர் உருவாக்கப்பட்டது.

இதன் வெற்றி வெளிப்படை. பிறர் சொன்னபோது கேளாத செய்தியைத் தம் கதைமாந்தர் சொன்னபோது மக்கள் கேட்டனர். ஆனால் கலை அவர்களுடையது, செய்தி அலுவலர்களுடையது என்பதை மறத்தல் ஆகாது. இக்குறையைப் பிறர் கண்டு சொல்வதற்கு முன் காங்கர்குட் தாமே கண்டு எழுதினார் என்பதே இம்முயற்சியின் தனிச்சிறப்பு. மோங் மக்களைத் திருத்த நாடகம் போட்டது போலவே, மோங் மக்களைப் பற்றி முகாமின் நலப்பணியாளர் கொண்டிருந்த தவறான எண்ணங்களைத் திருத்தவும் நாடகம் வேண்டியிருந்தது என்பது அவர் கட்டுரையின் சாரம். மருத்துவ உதவிக்கு வந்தோர் மோங் மக்களின் சடங்குகளையும் மருத்துவத்தையும் அறியாமை என்று ஒதுக்கினர். அவர்களை அமரவைத்து மோங் நடிகர்கள் நடித்துக் காட்டியிருந்தால் கதையின் திசை மாறியிருக்கும். அகதி பேசவும் உதவுபவர் கேட்கவும் ஆன நிலை அங்கே தோன்றியிருக்கும்.

கபிலர் வழியினர்

சில சூழல்களில் அகதி தாமே பேசுதல் இயலாது. பெயர் வெளிப்பட்டால் வழக்கு கெடலாம். பிறந்த நாட்டில் உள்ள உறவினர்க்குத் தீங்கு நேரலாம். அங்கே கபிலரைப்போல் ஒருவர் வேண்டும். இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய 'அகதிக் கதைகள்' என்னும் இயக்கம் இவ்வகையது. கேட்விக் விமான நிலையத்தை அடுத்த தடுப்புமுகாம்களில் அடைக்கப்பட்டோரைச் சென்று காணும் தொண்டுக் குழு ஒன்றின் முயற்சி அது. சாசரின் கேன்டர்பரிக் கதைகளில் பயணிகள் நடந்துகொண்டே கதை சொல்வர். அம்முறையைப் பின்பற்றி, முன்பு தடுத்து வைக்கப்பட்டோரும் எழுத்தாளரும் ஆதரவாளரும் பல நாள் ஒன்றாக நடந்தனர். மாலைதோறும் கதை படிக்கப்பட்டது. முதல் தொகுதி 2016இல் நூலாக வந்தது. குடிவரவுத் தடுப்புக்காவலுக்குச் சட்டத்தில் கால எல்லை வகுக்கப்படாத நாட்டில், அந்நிலையை மாற்ற வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை.

அத்தொகுதியில் அகதியின் பெயர் இல்லை. இன்னாருடைய கதை, இன்ன எழுத்தாளரிடம் சொல்லியவாறு என்னும் வகையில் பல தலைப்புகள் அமைந்தன. எழுதியோருள் அப்துல்ரசாக் குர்னாவும் ஒருவர். 1960களில் சான்சிபாரிலிருந்து இங்கிலாந்துக்குப் புகலிடம் தேடி வந்து, 2021இல் நோபெல் பரிசு பெற்ற அவர் இப்பணிக்கு முற்றும் தகுதியானவர். எனினும் நூலட்டையில் எழுத்தாளர்களின் பெயர்கள் நிற்க, கதைக்கு உரியவர் பெயரற்று நிற்பதில் ஒரு முள் இருக்கிறது. கபிலரின் பாடல்களில் மகளிர் மௌனமாக நிற்பதைக் காணும்போது தைக்கும் அதே முள் அது. இம்முள்ளை அகற்றிவிட முடியாது. 'சொல்லியவாறு' என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்து, கதை தமக்குரியது அன்று என்பதை எழுத்தாளர் ஒப்புக்கொண்டது அவ்வியக்கத்தின் நேர்மை. கூடி நடந்தமை அதனினும் மேலானது. எதிரே அமர்ந்து கேட்பதற்கும் தோளோடு தோள் நடந்து கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. நடப்பவர் பேசாமலும் நடக்கலாம்.

வேடத்தின் காப்பு

பெயரை மறைத்துக்கொண்டே தாமே பேசுவதற்கும் ஒரு வழி உண்டு, அது வேடம். 2013ஆம் ஆண்டில் ஜோர்தானின் அம்மான் நகரில் சிரிய அகதிப் பெண்கள் பலர் ஒரு நாடகப் பயிலரங்கில் கூடினர். சிரிய இயக்குநர் உமர் அபுசாதா அதனை நடத்தினார். கி.மு. 415ஆம் ஆண்டில் யூரிபிடீஸ் இயற்றிய 'திராய் நாட்டுப் பெண்கள்' என்னும் நாடகம் அவர்களுக்குத் தரப்பட்டது. நகரம் வீழ்ந்தபின் கணவரையும் மக்களையும் இழந்து, அடிமைகளாக அழைத்துச் செல்லப்படக் காத்திருக்கும் பெண்களின் நாடகம் அது. வந்தோரில் பெரும்பாலோர் அதற்குமுன் மேடை ஏறாதவர். பல வார உழைப்பின்பின் பழைய நாடகத்தின் பகுதிகளோடு தம் சொந்தச் சொற்களையும் இணைத்து அவர்கள் அரங்கேற்றினர். யாஸ்மின் ஃபெத்தா 2014இல் வெளியிட்ட 'சிரியாவின் அரசிகள்' என்னும் ஆவணப்படம் அப்பயிலரங்கைப் பதிவு செய்துள்ளது.

இங்கே எந்தப் பெண்ணும் தன் மகனின் சாவைச் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹெகூபா அரசியின் மகன் இறந்ததைச் சொன்னால் போதும். கேட்பவர் எதனை யாருடையது என்று கொள்வது என அறியாது நிற்பர். அந்த ஐயமே அப்பெண்ணுக்குக் காப்பு, நாடகத்துக்கு ஆற்றல். அவ்வாறிருந்தும் சிலர் இடையில் விலகினர். சிரியாவில் உள்ள உறவினர்க்குத் தீங்கு வருமோ என்ற அச்சமும் குடும்பத்தாரின் எதிர்ப்பும் காரணங்கள். விலகியவர்களையும் அப்படம் மறைக்கவில்லை. ஒரு பயிலரங்கின் தரத்தை அறியவேண்டுமாயின் மேடையில் நின்றவரை மட்டும் எண்ணினால் போதாது. விலகிச் சென்றவர் தடையின்றி விலக முடிந்ததா என்பதையும் வினவ வேண்டும்.

கோலாலம்பூரில்

மலேசியாவிலும் இத்தகைய அரங்கு ஒன்று தோன்றியது. ஆப்கானிஸ்தானில் நாடகம் எழுதிவந்த சாலே செபாஸ், தாமும் அகதியாக வந்து, 2017ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் 'பரஸ்தூ' என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினார். பாரசீக மொழியில் அப்பெயருக்குத் தகைவிலான் குருவி என்று பொருள். நடித்தோரும் ஆப்கானிய அகதிகள். பிரேசில் நாட்டு நாடக அறிஞர் அகஸ்தோ போவால் வகுத்த 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்னும் முறையை அவர்கள் மேற்கொண்டனர். போவாலும் 1971இல் சிறைப்பட்டு நாடுகடந்து வாழ்ந்தவர் என்பது நினைவுகூரத்தக்கது. அவர் வகுத்த அரங்கில் நாடகம் துன்பத்தில் முடியும். பின்னர் அது மீண்டும் நடிக்கப்படும். பார்வையாளர் எவரும் "நிறுத்துங்கள்" என்று கூறி மேடையேறி, அப்பாத்திரம் வேறு என்ன செய்திருக்கலாம் என்று நடித்துக் காட்டலாம்.

இம்முறையில் இரக்கத்துக்கு இடம் குறைவு. பார்ப்பவர் கண்ணீர் விட்டுக் கலைந்து செல்ல முடியாது. எழுந்து வந்து முயன்று பார்க்க வேண்டும். முயலும்போது அது எவ்வளவு கடினம் என்பதை அவரே உணர்வார். உதவுபவரும் உதவி பெறுபவரும் என்ற இரு கரைகள் இங்கே இல்லை, நடத்துபவரே அகதி. சொல்லப்படும் துன்பமும் அயல்நாட்டார் எதிர்பார்க்கும் போர்த்துன்பத்தோடு நிற்பதில்லை. தம் சமூகத்துக்குள்ளேயே பெண்களும் பிள்ளைகளும் படும் அல்லல்களையும் அக்குழு மேடைக்குக் கொண்டுவந்தது. தம்மவர் குறையைத் தாமே பேசுவது முறையீட்டில் என்றும் நிகழாது. கதவு மூடிவிடும் என்ற அச்சம் தடுக்கும். பரஸ்தூ அதனைப் பேசியது. காங்கர்குட் இல்லையே என்று வருந்தியது ஓரளவு இங்கே கைகூடிற்று எனலாம்.

மதிப்பிடும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து சில அளவுகோல்கள் பெறப்படுகின்றன. கதையைத் தொடங்கியவர் யார், நிறுத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்பது முதலாவது. படைப்பு விற்றபோதும் அச்சேறியபோதும் பெயரும் பொருளும் யாருக்குச் சென்றன என்பது இரண்டாவது. துன்பம் அல்லாத வேறு எதனையேனும் சொல்ல அங்கே இடம் இருந்ததா என்பது மூன்றாவது. உதவ வந்தவர் தாமும் ஏதேனும் கற்றாரா என்பது நான்காவது. இவை அறத்தைப் பற்றிய வினாக்கள், கலையைப் பற்றியவை அல்ல என்று சிலர் கருதக்கூடும். பான் வினாய்த் துணிகள் அக்கருத்தை மறுக்கின்றன. தைப்பவள் தானே தேர்ந்த இடத்தில் துணி உயிர்பெற்றது. வாங்குபவர் தேர்ந்த இடத்தில் வண்ணம் மங்கிப் படியெடுப்பு ஆயிற்று. இங்கே அறக்குறையே கலைக்குறையாகவும் வெளிப்பட்டது.

தமிழ் எழுத்தாளருக்கு இதில் ஒரு கடமை உண்டு. புகலிடம் தேடி மலேசியா வந்தோருள் இலங்கைத் தமிழரும் இருந்தனர். அவர்களோடு பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கூத்தும் இருசாராருக்கும் பொது. ஓர் எழுத்தாளர் சங்கம் அத்தகையோரை அழைப்பதாயின், முதல் நாளே கண்ணீர்க்கதை கேட்டுக் குறிப்பேடு விரித்தல் முறையாகாது. அவர்கள் ஊரில் பாடிய பாட்டைப் பாடலாம். சமைத்த மீன்குழம்பைப் பற்றிப் பேசலாம். ஒன்றும் பேசாமல் ஒரு மாலை அமர்ந்திருக்கலாம். எழுத விரும்பினால் எழுதட்டும். புனைபெயரில் எழுத விரும்பினால் அவ்வாறே வெளிவரட்டும். பரிசும் பாராட்டும் அவர்களைச் சேரட்டும். செம்மைப்படுத்துகிறேன் என்று அவர்களின் வட்டார வழக்கைத் திருத்தி எழுதும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

பாரி மகளிரின் பெயர்கள் என்ன என்று புறநானூறு கூறவில்லை. அங்கவை, சங்கவை என்பன பிற்கால வழக்கு. ஆயினும் அந்த ஐந்தடிகள் கபிலரின் பெயரில் வரவில்லை. அவர்களுக்காகப் பல வாயில்களில் நின்று பாடிய புலவர் அவர். பெரும்புகழ் பெற்ற அவர் பெயரோடு அப்பாட்டையும் சேர்த்துவிடுவது தொகுத்தோர்க்கு எளிதாய் இருந்திருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. பாடியவர் பாரி மகளிர் என்றே குறித்து வைத்தனர். அகதிகளின் படைப்புகளைத் தொகுக்க முனைவோர் அக்குறிப்பைத் தமக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம்.